நஸ்ரீன் இல்லாத திரை

ஜூன் 10, திங்கள்

காலையிலேயே புழுக்கம். வழியெல்லாம் லாரி வரிசை. காத்திவாக்கத்திலிருந்து ராயபுரம் ஆபீஸ் வர இரண்டு பஸ். எண்ணூரில் புதுக் கிளை திறக்கிறார்களாம், ஒரே ஒரு சீட். கிடைத்தால் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். எனக்கு வேண்டும்.

கன்டெய்னர் நிலவரம் காட்டும் தளத்தில் பொடி எழுத்து, கண் போகிறது. என் பிரவுசரில் பக்கத்தின் தோற்றத்தை மாற்றும் ஸ்டைல்ஷீட் ஒன்று சொந்தமாக எழுதிப் போட்டேன். எழுத்து பெரிது, விளம்பரம் காலி, கெடு தாண்டிய பெட்டி சிவப்பு. தளம் யாருடையதோ, என் திரையில் என் இஷ்டம். பக்கத்து சீட் நஸ்ரீன் கேட்டாள், அவளுக்கும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

நஸ்ரீன் திரையை மேனேஜர் பார்த்துவிட்டார். "இன்னாமா இது, சோக்கா கீதே! உன் மூளையே தனி." அவள் வாய் திறப்பதற்குள் போன் வந்து போய்விட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. வயிறு எரிகிறது. மதியம் அவள் நீட்டிய சமோசாவைத் தொடவில்லை. நல்ல வாசனை வேறு.

ஜூன் 12, புதன்

ஆபீஸ் அறிவிப்புப் பக்கத்தைத் திறந்தால் அவள் படம், சிரித்துக்கொண்டு. அதற்கும் என் ஸ்டைல்ஷீட்டில் மூன்று வரி எழுதினேன். இனி அவள் போடும் எதுவும், அதன் அடியில் வரும் பதிலும், என் திரையில் தெரியாது. மறுபடி திறந்தேன். ஆள் இல்லை. அப்பாடா.

வாங்க: சோப்பு, உப்பு, வயிற்றுக்கு மோர்.

ஜூன் 13, வியாழன்

தூறல். துணி காயவில்லை.

"இன்னாக்கா, ஆபீஸ் பக்கம் பாத்தியா?" என்றாள் நஸ்ரீன்.

"பாத்தேன்." முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"சொல்றதுக்கு இன்னா கீது?"

திரும்பிப் போய்விட்டாள். நல்லா வேணும்.

ஜூன் 14, வெள்ளி

எண்ணூர் சீட் நஸ்ரீனுக்கு. பாத்ரூமில் போய் அழுதேன். பின்னாலேயே வந்தாள்.

"என் வூடு இங்க பின்னாடி சந்துலக்கா. நான் இன்னாத்துக்கு எண்ணூர் போவணும்? உனக்குத்தான் கேட்டேன். நீ சரின்னு ஒரு வார்த்த போடல. உனக்கு இஷ்டமில்லன்னு சார் என்னியத் தள்ளிட்டாரு."

சீட்டுக்கு வந்து மூன்று வரியையும் அழித்தேன். அவள் படம் திரும்ப வந்தது, அதே சிரிப்பு. பக்கத்தில் புதன்கிழமை அவள் எழுதியது: "அந்த சிவப்பு கலரெல்லாம் கல்பனாக்கா வேல. எண்ணூர் சீட்டு அக்காவுக்கே குடுங்க சார்."

அடியில் மேனேஜர்: "கல்பனா, சம்மதமா? வியாழன் மாலைக்குள் இங்கேயே எழுதவும்."

அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.