முயலுக்கு வளரும் எலும்பு

ஐப்பசி 12, செவ்வாய்

எல்லோரும் தூங்கும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு டைரி எழுதுவதற்கு வீட்டார் மன்னிக்கவும். அப்பாவிடம் வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

பைக் மோதி அப்பாவின் கால் எலும்பில் ஒரு துண்டு போய்விட்டது. இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அங்கே வைக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் காலை ஊன்றவே முடியாது என்று டாக்டர் எச்சரித்தும் இருந்தார். அப்பா போகவே இல்லை. இன்று லீவில் எங்கள் ஊரான புதூருக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கால் ஒடிந்த ஆட்டைத் தூக்கி வந்தார். அப்பா உட்கார்ந்தபடியே மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்.

“இடுப்ப எதுக்கு வெட்டணும்? எம் மவ லேப்ல எலும்பு வளக்குதா. எனக்கும் கொண்டு வருவா.”

“அப்பம் என் ஆட்டுக்கும் ஒண்ணு சொல்லி வையும்!”

அண்ணாச்சி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நாங்கள் வளர்ப்பது முயலுக்கு. பஞ்சு போல் துளையுள்ள சிறு வில்லையில் ஸ்டெம் செல்களை விட்டு, முயலின் காலில் வைக்கிறோம். பாசிப்பயறு அளவுக்கு எலும்பு பிடிக்கிறது. மனிதருக்கு எப்போது என்று பேராசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். “உன் பேரன் காலத்துல பாக்கலாம்மா” என்றார். லேப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். “ஏட்டி, எலும்பு எப்பம் வெளையும்?”

தலை குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, அம்மாவிடம் எனக்கு இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொன்னார்.

அப்பா, எனக்காகக் காத்திருக்காதீங்க. நாளைக்கே எங்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க.