மேடைக்குப் பக்கத்து இடம்

மாப்ள,

நேற்றுத் திருப்பரங்குன்றம் சந்தையில் ஒரு பெண் பானை வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து, விரலை மடக்கிச் சுண்டி, காதோரம் வைத்துக் கேட்டு, மனசுக்குப் பிடிக்காததைக் கீழே வைத்தாள். வண்டி பிடிக்கப் போன நான் அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரர், "அண்ணே, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். தவில்காரனுக்குப் பேனா பிடிக்க வராது, சிரிக்காதே.

உனக்கும் எனக்கும் ஒரே சாதியும் இல்லை, மாமன் மச்சான் முறையும் இல்லை. விளாங்குடியில் ஒரே கண்மாயில் குளித்த பழக்கத்தில் மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டோம். நீ பானை தட்டுவாய், நான் தவில் தட்டுவேன். "ரெண்டு பேரும் தட்டித்தான் பொழைக்கிறோம்" என்று நீதான் சொல்வாய்.

அந்தச் சுதேசிக் கைத்தொழில் பொருட்காட்சியை வைகைக்கு வடகரை மைதானத்தில் போட்டார்கள். சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்கள், பாய் முடைகிறவர்கள், வெண்கலம் வார்க்கிறவர்கள் எல்லாரும் வந்து, சனங்கள் பார்க்கப் பார்க்க வேலை செய்து காட்ட வேண்டும். நடுவில் மேடை போட்டு எங்கள் நையாண்டி மேளம். குயவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி வைத்திருந்தார்கள். முதல் வாரம் அங்கேயே தண்ணீர் வைக்கிற பெரிய மொடாக்களைத் தட்டி, காயவைத்துச் சுட்டு, கடைசி நாள் நிறையத் தண்ணீர் ஊற்றிக் காட்ட வேண்டும். யாருடைய மொடா கசியாமல் நிற்கிறதோ அவருக்குத்தான் சித்திரைத் திருவிழாத் தண்ணீர்ப் பந்தல்கள் எல்லாவற்றுக்கும் மொடா செய்கிற வேலை.

அந்த வேலை உனக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். உனக்கென்று சூளை கிடையாது. உன் அண்ணன் சூளையில் அவர் பானைகள் போக மிஞ்சிய இடத்தில்தான் உன் பானைகள் வேகும். மனஸ்தாபம் வந்தால் அதுவும் இல்லை. பந்தல் வேலை கிடைத்தால் சொந்தச் சூளை போட்டுவிடலாம் என்று இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாய்.

அதனால்தான் பொருட்காட்சிக்குக் காரியதரிசியாக இருந்த வக்கீலிடம் நானே போய் நின்றேன். "ஐயா, எங்க ஆளுக்கு மேடைக்குப் பக்கத்துல எடம் குடுங்க. கொட்டுக்கு வர்ற கூட்டம் அவன் கையையும் பாக்கட்டும்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டார். ஓடி வந்து உன்னிடம் சொன்னபோது நீ கொஞ்சம் யோசித்தாய். "மேடைக்குப் பக்கத்துலயா?" என்றாய். பிறகு, "சரி மாப்ள" என்று என் தோளைத் தட்டினாய். சந்தோஷத்தில் உனக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கூட்டம் சேர்கிற நேரம்தான் எங்களுக்கு மேளம், உங்களுக்கு வேலை. நீ இடது கையைப் பானைக்குள் விட்டுக் கல்லை அணைத்துப் பிடித்து, வலது கையால் வெளியே பலகையைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாய். என் கொட்டு ஏறினால் உன் பலகையும் ஏறியது. நான் நடையை மாற்றினால் நீயும் மாற்றினாய். சனங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். தவிலும் பானையும் சேர்ந்து கச்சேரி செய்கின்றன என்று கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் பக்கம் திரும்பி உட்கார்ந்து, உனக்கென்றே வாசித்தேன். நீயும் நிமிர்ந்து சிரித்தாய். பேரையூர்க் குயவர் ஒருவர் மைதானத்தின் கடைசி மூலையில், பார்க்க ஆளில்லாமல் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்காக நான் பாவப்பட்டேன்.

கடைசி நாள் தண்ணீர் ஊற்றினார்கள். உன் மொடாக்கள் முதலில் அடியில் கசிந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று விரிசல் விட்டது, அடுத்ததும் விட்டது. பேரையூர்க்காரருடையது அசையாமல் நின்றது. வீட்டுக்கு வரும் வழியில், "மண்ணு சரியில்லையா மாப்ள?" என்று நான் கேட்டேன். "மண்ணைக் குத்தம் சொல்லக் கூடாது" என்றாய். அதற்கு மேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. கருமாதி முடிந்து பந்தல் பிரிக்கிற அன்று உன் வீட்டுக்காரியிடம் பழைய கதை பேசிக்கொண்டிருந்தேன். பொருட்காட்சியில் நீயும் நானும் சேர்ந்து கைதட்டு வாங்கியதைப் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, சொன்னா வருத்தப்படக் கூடாது. தட்டுறப்ப வர்ற சத்தத்தை வச்சுத்தான் பானையில எங்கன தடிப்பு, எங்கன மெலிசுன்னு அவுக பாப்பாக. ஒங்க கொட்டுல அது கேக்கவே இல்லையாம். எடத்தை மாத்தச் சொல்லுங்கன்னு நானும் அம்புட்டுச் சொன்னேன். 'அவன் எனக்காகப் போயி நின்னு வாங்குன எடம். வேணாம்னா அவன் மொகம் செத்துப்போகும்'னுட்டாக."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் கையாலேயே பிடித்தேன் என்று அன்றுதான் தெரிந்தது. உன் பலகை என் கொட்டோடு ஏறியதைப் பார்த்துத்தானே நான் இன்னும் வேகமாக வாசித்தேன். பானை உடைந்து போகட்டும், இன்னொன்று செய்யலாம். சொந்தச் சூளை போடாமலே நீ போய்விட்டாய் மாப்ள.

அன்று நான் அழுததைப் பார்த்து உன் வீட்டுக்காரி பதறிவிட்டாள். "அட, ஏண்ணே. காச்சல்ல பெனாத்துறப்பக்கூட ஒங்க கொட்டைத்தான் பாயில வெரலால தட்டிக்கிட்டு இருந்தாக" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் எனக்குத் தாங்கவில்லை.

இப்போது யாருக்கு என்ன நல்லது செய்யப் போனாலும், "இது ஒங்களுக்குத் தோதா இருக்குமா?" என்று முதலில் கேட்டுவிடுகிறேன். கிழவனாவதற்கு முன்னாலேயே கிழட்டுப் புத்தி வந்துவிட்டது என்று மேளத்துப் பையன்கள் கேலி செய்கிறார்கள். சரி என்று சொல்கிறவர்களிடம் இன்னொரு தடவையும் கேட்கிறேன். நீயும் சரி என்றுதானே சொன்னாய்.