வெள்ளைச் சட்டை போட்டு ஸ்டேஷனுக்குப் போன அண்ணனுக்கு

என் ஆசை அண்ணே,

நேற்று நம் பழைய போலீஸ் ஸ்டேஷனுக்குள் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். தரையெல்லாம் ரத்தம். என்னுடையது இல்லை, பயப்படாதே. கோபம் இன்னும் இறங்கவில்லை, அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

முதலில் வீட்டு நிலவரம். அம்மாவும் உன் மகள் கயலும் என்னோடு ஆனையூரில் இருக்கிறார்கள். நான் வக்கீலாகிவிட்டேன். கறுப்புக் கோட்டு போட்ட அன்று அம்மா என்னைப் பார்க்காமல் உன் போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் உன்னை மாதிரியே வாய்க்காரி, எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள். ஏன் என்று கேட்டதற்குத்தானே உன்னைக் கொன்றார்கள்?

உசிலம்பட்டிப் பக்கத்து நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காலனிப் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவ விட்டார்கள். ஆசிட் பட்டு கயல் உள்ளங்கையெல்லாம் வெந்து போய் வந்தாள். நீ விளாங்குடி ஒர்க்‌ஷாப்புக்கு லீவு சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டரிடம் போய்க் கேட்டாய்.

"உங்க பிள்ளைகளுக்குப் பழக்கம்தானப்பா, இதுல என்ன இருக்கு?" என்றார் அவர்.

நீ மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாய். அடிக்கவில்லை, திட்டவில்லை. வைத்தாய், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே ஊர்த்தெரு ஆட்கள் கண்மாய்க் கரையில் உன்னை மறித்தார்கள். சைக்கிள் செயினால் முதுகைக் கிழித்தார்கள். கீழே விழுந்தவன் தலையில் உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். "வாத்தியாருட்டயே விளக்குமாத்த நீட்டுவியாடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்ததாக நீதான் சொன்னாய். வீட்டுக்கு வரும்போது உன் காதுக்குள்ளிருந்து வழிந்த ரத்தம் கழுத்தில் காய்ந்திருந்தது.

நேரே ஸ்டேஷனுக்குப் போவோம் என்று கத்தினேன். நீ கேட்கவில்லை.

"இப்படியே போனா வாசல்லயே நிப்பாட்டிருவாய்ங்க ஜோதி. குளிச்சுட்டு நல்ல சட்டையா போட்டுட்டு வாரேன்."

நம் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம் அது. தாலுகா ஆபீசோ பேங்க்கோ, அழுக்கு என்று ஒருத்தனும் சொல்லிவிடக் கூடாதென்று குளித்து, இஸ்திரி மடிப்போடுதான் படியேறுவோம். அம்மா வெந்நீர் வைத்தாள். உன் ரத்தச் சட்டையை ஊறப்போட்டுத் துவைத்துக் கொடியில் போட்டாள். நீ வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி கிளம்பினாய். அம்மாவும் நானும் கூடவே வந்தோம்.

"அடிபட்ட ஆளு மாதிரியே தெரியலையே. கல்யாணத்துக்குப் போறவன் மாதிரில்ல வந்திருக்க?" என்று இன்ஸ்பெக்டர் சிரித்தார். "வண்டியில விழுந்திருப்ப. சமாதானமாப் போயிரு. இல்லாட்டி வாத்தியார மிரட்டுனேன்னு உன் மேலயும் ஒரு கேஸ் வரும்."

நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. உன்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே வாந்தி எடுத்து அதன் மேலேயே விழுந்தாய். உன்னைத் தூக்குவதற்கு முன்னால் ஏட்டு கேட்டது என்ன தெரியுமா?

"யாரு இதக் கழுவுறது? ஏம்மா, தண்ணி அந்தா இருக்கு."

அம்மா கழுவினாள் அண்ணே. மகன் வாய் கோணிக் கிடக்கிறான், பெற்றவள் முந்தானையால் ஸ்டேஷன் தரையைத் துடைக்கிறாள். பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே நீ போய்விட்டாய். வண்டி விபத்து என்று கேஸை மூடினார்கள். உன் முதுகில் கிடந்த செயின் தடத்தைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. வீட்டுக்கு வந்தால் உன் சட்டை கொடியில் பளிச்சென்று காய்ந்திருந்தது.

அந்த ஸ்டேஷனைக் கொளுத்த வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது. மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல்வரை வந்தேன். அம்மா கேனைப் பிடுங்கி எறிந்து கன்னத்தில் ஒன்று விட்டாள். "நீயும் செத்துட்டா நான் யாருட்டடி போயி கேப்பேன்?"

பிறகு கேட்கிற வேலையை அவளே ஆரம்பித்தாள். காலனித் தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்தாள். ஒரு பிள்ளையையும் உள்ளே அனுப்பவில்லை. கடைசியில் பிள்ளைகள் கையிலிருந்து விளக்குமாறு போனது. ஹெட்மாஸ்டருக்கு இடமாற்றம் கொடுத்தார்கள், அதுதான் தண்டனையாம். போன இடத்திலும் கக்கூஸ் இருக்குமே?

இனி நேற்றைய கதை. பக்கத்து ஊர் வார்டு மெம்பர் பாண்டியம்மா அக்கா, நம் ஆள்தான். ஓட்டு வாங்கி ஜெயித்தவளுக்குப் பஞ்சாயத்து ஆபீசில் தரைதான் இடம். நேற்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தலைவரின் தம்பி அவளைத் தள்ளிவிட்டு, அதே இரும்பு நாற்காலியைத் தூக்கி நெற்றியில் அடித்தான். எலும்பு தெரிய மண்டை பிளந்துவிட்டது.

போன் வந்ததும் நானும் அம்மாவும் ஓடினோம். அக்கா வீட்டு அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. கட்டில்மேல் இஸ்திரி போட்ட சேலை.

"யாரும் தண்ணியத் தொடாதீக!" என்று கத்தினேன்.

"அசிங்கமா இருக்கும் ஜோதி. உள்ள விடமாட்டாய்ங்க" என்றாள் அக்கா.

"விடமாட்டேன்னு சொல்லட்டும்க்கா, பாத்துக்கிறேன்."

காயத்தைத் துணியால் அழுத்திக் கட்டினேன். காலனிப் பெண்கள் அத்தனை பேரும் வண்டி ஏறினார்கள். ஸ்டேஷனுக்குள் போனதும் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்தேன். இன்ஸ்பெக்டர் வேறு ஆள், பேச்சு அதே பேச்சு. சமாதானமாம், இல்லையென்றால் எங்கள் மேலும் கேஸாம்.

"வன்கொடுமைச் சட்டத்துல போடுங்க சார். டி.எஸ்.பி.க்குச் சொல்லுங்க. இவங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க" என்றேன். பின்னால் பெண்கள் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

துணியை மீறி ரத்தம் சொட்டியது. ஒரு போலீஸ்காரர் முகம் சுளித்தார். "தரையெல்லாம் நாசமாப் போச்சு. யாராவது கழுவி விட்டுட்டுப் போங்கம்மா."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள். உனக்குப் பிறகு அந்தப் படியை மிதிக்காதவள் அண்ணே. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கழுவ மாட்டோம்யா. இதே எடத்துல எம் மகன் விழுந்து கெடக்கயில நான்தான் கழுவுனேன். இனி கழுவ மாட்டோம்."

கேஸ் பதிவாகும்வரை அந்த ரத்தம் அங்கேயே கிடந்தது. அக்காவுக்கு நெற்றியில் தையல், பிழைத்துக்கொண்டாள். அடித்தவன் இன்றைக்கு உள்ளே இருக்கிறான். நாளைக்கே ஜாமீனில் வரலாம். வரட்டும், கோர்ட்டிலும் நிற்பேன்.

உன் வழக்கையும் திறக்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். துவைத்த சட்டை சாட்சி சொல்லாது. ஆனால் துவைத்ததையும் கழுவியதையும் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்கிறேன் என்று நேற்று வரும் வழியில் அம்மா சொல்லிவிட்டாள். அவள் அதைச் சொல்லி முடிக்கிறவரை, உன்னை அடித்தவர்கள் அதைக் கேட்டு நிற்கிறவரை, நான் ஓயமாட்டேன் அண்ணே. இது சத்தியம்.

நீ தூக்கி வளர்த்த தங்கச்சி,
ஜோதி