இயலாது என்று ஒரு வரி

அகிதா
ஜனவரி 18

சயோகோவுக்கு,

எய்ஜி எழுதுவது. அப்பா என்று போட்டுக்கொள்ளக் கை வரவில்லை. உன் ஒன்பதாவது வயதில் சாரம் கட்டும் வேலைக்கென்று வீட்டைவிட்டுப் போனவன், இருபத்திரண்டு வருடம் கழித்து எழுதுகிறேன். முகவரியை உன் அத்தையிடம் கெஞ்சி வாங்கினேன்.

பயப்படாதே, உன்னிடம் கையேந்தி வரவில்லை. உன்னால் எனக்கு எதுவும் செய்ய இயலாது என்று ஒரு வரி எழுதிக் கொடு. அது போதும்.

சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனபின் வேலை இல்லை. அரசாங்க உதவித்தொகைக்காக இங்குள்ள நலத்துறை அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்துவிட்டேன். கவுன்டரில் குதோ என்று ஓர் அலுவலர். "ஐயா, உங்களுக்குத்தான் பொண்ணு இருக்காங்களே. முதல்ல அவங்களைக் கேளுங்க. முடியாதுன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். ஒவ்வொரு முறையும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கித்தான் திருப்பி அனுப்புகிறார்.

பனி ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய் அடுப்பைக் காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஏற்றுகிறேன். உன் இரக்கத்துக்காக எழுதவில்லை. எழுதிவிட்டேன், அடித்துவிட மனம் வரவில்லை.

எய்ஜி


சைதாமா
ஜனவரி 25

எய்ஜி அவர்களுக்கு,

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். சிறியது அலுவலகத்துக்கு: என்னால் உங்களைப் பராமரிக்க இயலாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தே ஓய்ந்துபோன அம்மாவை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

பெரிய தாள் உங்களுக்கு மட்டும். அத்தை சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் ஒரு நலத்துறை அலுவலகத்தில்தான் இருக்கிறேன், அந்தக் குதோ உட்காருகிற அதே மாதிரி நாற்காலியில். மகளிடம் எழுதி வாங்கி வந்தால்தான் விண்ணப்பம் என்று எந்த விதியும் கிடையாது. ஆளைத் திருப்பி அனுப்ப நாங்கள் சொல்லும் பொய் அது. நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அவரையும் ரொம்பத் திட்டாதீர்கள். குடிநீர்த் துறையில் இருந்த என்னை ஓர் ஏப்ரலில் தூக்கி இங்கே போட்டார்கள். பயிற்சி ஒரே நாள். எண்பது குடும்பம் பார்க்க வேண்டியவள் நூற்றிருபத்தேழு பார்க்கிறேன். போன வாரம் ஒருவர் சுடச்சுடத் தேநீரை என் கைமேல் ஊற்றினார். எங்கள் பிரிவுத் தலைவர் ஓடி வந்து, "ஃபைல் நனையலையே?" என்று கேட்டார். விண்ணப்பம் கூடினால் அவருக்கு மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் படிவம் மேஜைமேல் இருக்காது, இழுப்பறைக்குள் இருக்கும். ஏப்ரல் இடமாற்றப் பட்டியல்தான் எங்களுக்கு மோட்சம். இந்த முறை நூலகத்துக்கு என் பெயர் இருக்கிறது என்கிறார்கள்.

போனதும் "ஆலோசனை கேட்க வந்தேன்" என்று சொல்லாதீர்கள். "விண்ணப்பிக்க வந்தேன்" என்று சொல்லுங்கள். படிவம் இல்லை என்றால் எந்தத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் செல்லும். வாங்கமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

இந்தத் தாளை வீட்டிலேயே வையுங்கள்.

சயோகோ


அகிதா
பிப்ரவரி 6

என் அருமை சயோகோவுக்கு,

வாங்கிக்கொண்டார்கள்! நீ சொன்னபடியே சொன்னேன். "படிவம் தீர்ந்துபோச்சுங்க" என்றார் குதோ. பையிலிருந்து வெள்ளைத்தாளை எடுத்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தாங்க? எந்தச் சங்கம் உங்களை அனுப்புச்சு?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "சங்கமாவது ஒண்ணாவது! என் பொண்ணு. உங்களை மாதிரியே ஆபீசர்!" என்று உன் கடிதத்தைக் கவுன்டரில் எடுத்து வைத்தேன். வீட்டில் வைக்கச் சொல்லியிருந்தாய்தான். ஆனால் ஏதோ கிழவன் உளறுகிறான் என்று அவர் நினைக்கக்கூடாதே.

அப்புறம் நடந்ததைக் கேள். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே போய்ப் பிரதி எடுத்துக்கொண்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குத் தேநீர்கூடக் கொடுத்தார்கள். மூன்று முறை போனபோது உட்காரச் சொன்னவர்கூட இல்லை. எல்லாம் உன்னால்தான்.

உன் அப்பா


சைதாமா
பிப்ரவரி 17

எய்ஜி அவர்களுக்கு,

குதோ எடுத்த அந்தப் பிரதி என் அலுவலகத்துக்கே வந்துவிட்டது. பிரிவுத் தலைவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "நாங்கள் சொல்லும் பொய்" என்ற இடத்தை இரண்டு முறை வாசித்தார். "உங்க குடும்ப விஷயத்துக்கு எங்க எல்லார் கழுத்தையும் அறுத்துட்டீங்களே, சயோகோ" என்றார். பக்கத்து மேஜைக்காரி என்னோடு சாப்பிட வருவதில்லை. விளக்கம் எழுதித் தர வேண்டும். நூலகம் போயிற்று. வேலையே இருக்குமா தெரியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், வீட்டில் வையுங்கள் என்று. வீட்டில் இருப்பதென்பதே உங்களால் முடியாத காரியம்.

இனி எழுதாதீர்கள்.

சயோகோ


அகிதா
பிப்ரவரி 24

சயோகோவுக்கு,

கடைசியாக இது ஒன்று மட்டும். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

நேற்று குதோவைப் பார்த்தேன். "நீங்க வாபஸ் வாங்கிட்டா விஷயமே இல்லாம போயிடும். உங்க பொண்ணுக்கும் நல்லது" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "என் மகள் என்னைப் பராமரிக்கச் சம்மதித்துவிட்டதால், என் சொந்த விருப்பப்படி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன்." கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரையும் குத்தினேன். உன் பெயரில் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள். நான் உன்னை எதுவும் கேட்கமாட்டேன்.

முப்பது வருடம் வரி கட்டியவன் என்று அரசாங்கத்தைக் கேட்கப் போனேன். உன்னைக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. இந்தக் கணக்கு அவர்களுக்கு ஏன்தான் புரியவில்லையோ.

பனி இன்னும் விழுகிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

எய்ஜி


சைதாமா
மார்ச் 12

அப்பாவுக்கு,

நீங்கள் நினைத்தபடியே நடந்தது. "உங்க அப்பா தங்கமான மனுஷன், வம்பு பண்ணாம வாபஸ் வாங்கிட்டார்" என்று பிரிவுத் தலைவர் என் விளக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நூலகமும் உறுதி என்கிறார். பக்கத்து மேஜைக்காரி அரிசி பிஸ்கட் கொடுத்தாள். தின்றேன்.

உங்களை எழுத வைத்த அந்த வாக்கியம் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் இருக்கிறது. மூன்று வருடமாக நான் சொல்லச் சொல்ல, உதவி கேட்டு வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மகன் சம்மதித்தான், மகள் சம்மதித்தாள். அந்த மகன் வந்தானா, மகள் வந்தாளா என்று ஒரு நாளும் நான் போய்ப் பார்த்ததில்லை.

நேற்று ஓர் அம்மாள் அதையே எழுதினார். முதல்முறையாகக் கேட்டேன், "நிஜமாவே உங்க பையன் பார்த்துக்கிறாராம்மா?" அவர் நிமிரவில்லை. "அதான் எழுதிட்டேனே, விடுங்க" என்றார். பின்னால் தலைவர் நின்றுகொண்டிருந்தார். முத்திரை குத்திவிட்டேன். குத்திவிட்டேன் அப்பா.

இன்று மத்தியானம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டுக்குப் போய், அவர் கையாலேயே கிழிக்க வைத்துவிட்டு வந்தேன்.

என் இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் இத்துடன் இருக்கிறது. எந்தத் தாளும் செல்லும் என்றேனே, இதுவும் செல்லும். எல்லாவற்றையும் நிரப்பியிருக்கிறேன், நீங்கள் பெயர் முத்திரை மட்டும் குத்தினால் போதும். உறவினர் என்ற இடத்தில், இயலாது என்று எழுதியிருக்கிறேன். அது நிஜம்தான். உங்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் நீங்கள் குளிரில் கிடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிரப்பிக் கொடுத்தவர் என்ற இடத்தில் என் முழுப்பெயரும், பதவியும், அலுவலகத் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன.

குதோ கேட்டால் இந்தக் கடிதத்தையும் கவுன்டரில் வையுங்கள். இந்த முறை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

உங்கள் மகள்
சயோகோ