மரியாதையான நோய்

நெய்வேலி, பிளாக் 21
9 ஜூன் 2024

அன்புள்ள ஜெயா,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீயும் அங்கே எல்லோரும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று உன் வீட்டில் கேட்பார்கள். முகம் இல்லாமல் குரல் மட்டும் காதில் விழுந்தால் எனக்குக் குழப்பம் வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அந்த மாதிரிக் குரல்கள் என்னிடம் ஏற்கெனவே வேண்டிய அளவு இருக்கின்றன.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. எழுதிப் பார்த்தால் எனக்கே திக்கென்று இருக்கிறது. மனநோய் உள்ளவர்களுக்கு வேலை தேடித் தருகிற அமைப்பு ஒன்று வடலூரில் இருக்கிறது. டாக்டர்தான் அங்கே அனுப்பினார். அங்கே இருக்கிற மணிமொழி மேடம் முதல் நாளே, உங்களுக்கு என்ன வேலை செய்யப் பிடிக்கும் என்று கேட்டார். இந்தக் கேள்வியை இதுவரை என்னிடம் யாருமே கேட்டதில்லை. அதிகம் பேச வேண்டியில்லாத வேலை என்றேன்.

கெஸ்ட் ஹவுஸ் பெட்ஷீட்டும் மைன்ஸ் யூனிஃபார்மும் துவைத்துக் கொடுக்கிற ஒரு கான்ட்ராக்ட் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டார். மடிக்கிற பிரிவு. ஒரு பெட்ஷீட்டை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவர் சிலம்பரசன், குள்ளஞ்சாவடிக்காரர், வாய் ஓயாது. நான் பதில் பேசாவிட்டாலும் அவருக்கு ஒன்றுமில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார். மேடம் முதல் வாரம் முழுக்க என் பக்கத்தில் நின்று தானும் மடித்தார்.

உன்னிடம் ஒன்றை மறைக்கக் கூடாது. இங்கே எல்லோருக்கும் நைட் ஷிஃப்ட் சுற்றி வரும். எனக்குத் தூக்கம் கெட்டால் எல்லாமே கெட்டுவிடும். அதனால் மேடம் என் சம்மதத்தோடு கான்ட்ராக்டரிடம் என் நோயைச் சொல்லி, பகல் வேலை மட்டும் கேட்பதாக இருந்தது. அதற்கு முந்தின நாளே அப்பா தனியாகப் போய், பையனுக்கு ஃபிட்ஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "ஃபிட்ஸ் மரியாதையான நோய்டா. நாலு பேர்கிட்ட சொல்லலாம்" என்றார். மேடத்துக்கு முகம் சுருங்கிவிட்டது, இது எங்கேயாவது போய் இடிக்கும் என்றார். நான்தான் கெஞ்சி விட்டுவிடச் சொன்னேன்.

நம் கல்யாணத்தை ரத்து செய்யச் சொல்லி ஆயர் இல்லத்துக்கு எழுதிய மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலையில் நிலைத்து நின்று காட்டுங்கள், அதுவரை இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். நிற்கிறேன் ஜெயா.

உன்
அலெக்ஸ்


மேல்பட்டாம்பாக்கம்
16 ஜூன் 2024

திரு. அலெக்சாண்டர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வேலை கிடைத்த சேதி கேட்டு அம்மா அப்போதே மெழுகுவர்த்தி வாங்கக் கடைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் சந்தோஷம்தான். அந்த மணிமொழி மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஆனால் ஃபிட்ஸ் என்ற இடத்துக்கு வந்ததும் தலையில் அடித்துக்கொண்டு கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

மாமா இன்னும் திருந்தவில்லையா? கல்யாணமான மறுவாரம் உங்கள் மாத்திரையைக் காட்டி என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "வைட்டமின்ம்மா, உடம்புக்குத் தெம்பு." நானும் நம்பினேன். அது தீர்ந்துபோனபோது வைட்டமின்தானே, சம்பளம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குச் சரியாக நினைவிருக்காது. என்னை யாரோ அனுப்பிய உளவாளி என்று சொல்லி நீங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டீர்கள். நான் மழையில் பக்கத்து குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றேன். உண்மை தெரிந்திருந்தால் அந்த மாத்திரையை ஒரு வேளைகூட விட்டிருக்க மாட்டேன்.

நான் உங்கள் நோயைப் பார்த்து ஓடி வந்தவள் இல்லை. இதை எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் வீட்டில் ஏறவில்லை. பொய் சொல்லிக் கட்டி வைத்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. இப்போது பொய் சொல்லி வேலையிலும் சேர்த்திருக்கிறார்கள்.

கான்ட்ராக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயில் அதிகம், மோர் குடியுங்கள்.

இப்படிக்கு
ஜெயசெல்வி


நெய்வேலி
21 ஜூலை 2024

அன்புள்ள ஜெயா,

நீ திட்டி எழுதினாலும் மோர் குடிக்கச் சொன்னாய் என்று அந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன். சொல்லிவிடலாம் என்று தினமும் கிளம்புவேன். வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் தைரியம் போய்விடும். இப்போது நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஏதோ பெரிய மீட்டிங் என்று கெஸ்ட் ஹவுஸ் நிரம்பிவிட்டது. ஆள் போதவில்லை. கான்ட்ராக்டர் என்னையும் நைட்டுக்கு நிற்கச் சொன்னார். முடியாது என்றேன். "மாத்திரை போட்டுக்கினா ஃபிட்ஸ் வராதுல்லப்பா, ரெண்டு நாள்தானே" என்றார். ஃபிட்ஸ் என்று சொன்ன பிறகு அதற்கு மேல் என்ன சொல்வது? நின்றேன். மேடத்திடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் குரல்கள் சத்தமாகிவிட்டன. நான் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பேசாமல் இரு, பேசாமல் இரு என்று அவற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் செய்தால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். யாரும் என்னைத் தொடாமல் இருந்திருந்தால் போதும்.

சிலம்பரசன் பார்த்துவிட்டார். "ஃபிட்ஸ் வந்துகினு இருக்குதுடா, புடிங்க" என்று கத்தினார். எல்லோரும் ஓடி வந்து என்னைத் தரையில் மல்லாக்கப் போட்டு, கை கால்களை அமுக்கிக்கொண்டு, உள்ளங்கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். வலிப்பு வந்தால் இரும்பு கொடுப்பார்களே, அது. எனக்காகவே அந்தக் கொத்தைத் தேடிப்பிடித்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாராம் சிலம்பரசன். இவ்வளவு அக்கறையோடு யாரும் என்னை பயமுறுத்தியதில்லை.

ஜெயா, என் கணுக்காலில் ஒரு தழும்பு இருக்கிறது. அது என்ன என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா என்னை ஒரு ஜெப வீட்டில் விட்டிருந்தார். அங்கே சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். கையில் இரும்பு பட்டதும் நான் அந்த அறைக்கே போய்விட்டேன். உதறி எழுந்து சாவிக்கொத்தை வீசினேன். சிலம்பரசன் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது.

இதைவிட அதிர்ச்சி அதற்கப்புறம்தான். கான்ட்ராக்டர் என்னைக் கோபிக்கவே இல்லை. ஃபிட்ஸ் வந்தவனுக்குச் சுயநினைவா இருக்கும், ரெஸ்ட் எடுத்துவிட்டு வா என்றார். சிலம்பரசன் தையல் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் சிரிக்கிறார். அப்பாவுக்கு ஒரே பெருமை, பார்த்தாயா என்கிறார். டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். வேலை பிழைத்துவிட்டது. எனக்கு மட்டும் அங்கே போக வெட்கமாக இருக்கிறது.

அலெக்ஸ்


மேல்பட்டாம்பாக்கம்
28 ஜூலை 2024

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் மதிய இடைவேளையில் படித்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று, டீச்சர் ஏன் அழுறீங்க என்று கேட்டார்கள். வயிற்றுவலி என்றேன். பாருங்கள், எனக்கும் மரியாதையான நோய்தான் வாயில் வந்தது.

சங்கிலியா? உங்களோடு ஒரே வீட்டில் இருந்தேன். உங்கள் காலை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கொசு கடித்துச் சொறிந்த தழும்பு என்று நினைத்தேன். எனக்கு மாமா மேல் வருகிற ஆத்திரத்தை இந்தத் தாளில் எழுத முடியாது, எழுதினால் ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை வாங்க முடியாது.

அந்தச் சிலம்பரசனை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் என்ன நோய் என்று சொன்னார்களோ அதற்குத் தெரிந்த வைத்தியத்தை அந்த மனுஷன் செய்தார். உண்மை தெரிந்திருந்தால் உங்களைச் சும்மா விட்டிருப்பார். நைட்டுக்கும் நிற்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வேலை பிழைத்தது என்கிறீர்கள். அது உங்கள் வேலையே இல்லை. ஃபிட்ஸ் உள்ள வேறு யாரோ ஒருவருக்குக் கொடுத்த வேலை, அவருக்குப் பதிலாக நீங்கள் போய் மடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கழுத்தை நீட்டியதும் அப்படி ஒரு இல்லாத மனுஷனுக்குத்தான்.

சொல்லிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், மேடத்தைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனுவைக் காட்டி நான் மிரட்டவில்லை. பங்குச் சாமியார் கேட்டபோதுகூட, இன்னும் பொறுங்கள் என்றுதான் சொன்னேன்.

ஜெயா


நெய்வேலி
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ஜெயா,

சொல்லிவிட்டேன்.

மணிமொழி மேடம் வந்திருந்தார். டீ நேரத்தில் எல்லோரும் இருந்தார்கள், கான்ட்ராக்டரும் இருந்தார். மேடம் பேச வாயெடுத்தார், நானே பேசுகிறேன் என்றேன். "எனக்கு ஃபிட்ஸ் இல்லைங்க. மனநோய். ஆள் இல்லாத குரல் கேக்கும். மாத்திரை சாப்பிட்டுகினு இருக்கேன். தூக்கம் கெட்டா அதிகமாவும், அப்ப என்னைத் தொடாம விட்டா போதும்." இவ்வளவுதான் சொன்னேன். கால் வெடவெடவென்று நடுங்கியது.

சிலம்பரசன்கூடப் பேசவில்லை, அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. கான்ட்ராக்டர் என் முகத்தைப் பார்க்காமல் மேடத்திடம் சொன்னார்: "ஃபிட்ஸ்னா வெச்சிக்கலாம்மா. இது வேணாம்."

மேடம் விடவில்லை. இத்தனை நாள் நான் செய்த வேலையில் என்ன குறை கண்டீர்கள் என்று கேட்டார். ஒரு குறையும் இல்லை என்றார். ஒரு மாதம் தானே தினமும் வந்து பக்கத்தில் நிற்பதாகச் சொன்னார், டாக்டரை நேரில் வந்து பேச வைப்பதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அந்த மனிதர் தலையைத் தலையை ஆட்டிவிட்டு, கடைசியில் மறுபடியும் வேண்டாம் என்றார். மிரட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைக் கண்டு பயந்தார் ஜெயா. நேற்று வரைக்கும் என் கையால் டீ வாங்கிக் குடித்தவர்.

சைக்கிளை எடுக்கும்போது சிலம்பரசன் பின்னாலேயே வந்தார். வெகு நேரம் என் சைக்கிள் டயரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரொம்ப மெதுவாக, "ஒன் டாக்டரு எந்தக் கிழமையில பாப்பாரு?" என்று கேட்டார். சொன்னேன். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வாய் ஓயாத மனிதர், அவரும் அதைச் சொல்லவில்லை.

அப்பா என்னோடு பேசுவதில்லை. பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது, இனி ஷிஃப்ட் பஸ்ஸில் எந்த முகத்தோடு ஏறுவேன் என்று சுவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அல்லாமல் அடுத்த வெள்ளிக்கிழமை வடலூரில் ஒரு பேக்கரிக்கு என்னைக் கூட்டிப் போகப்போவதாக மேடம் சொன்னார். இந்தத் தடவை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலை கேட்பாராம். கிடைக்குமா என்று தெரியவில்லை.

நிலைத்து நின்று காட்டச் சொன்னாய், நிற்க முடியவில்லை. மனுவில் கையெழுத்துப் போடுவதானால் போட்டுவிடு. ஆயர் இல்லத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டால், ஆமாம், மறைத்துத்தான் கட்டினோம், எனக்கும் தெரியும் என்று நானே சொல்கிறேன். உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அது பொய். நிறைய வருத்தம். ஆனாலும் சொல்வேன்.

அலெக்ஸ்


மேல்பட்டாம்பாக்கம்
18 ஆகஸ்ட் 2024

என்னங்க,

கடிதம் மாதா திருநாளுக்கு மறுநாள் வந்தது. நீங்கள் சொன்னதும் அவர்கள் புரிந்துகொள்வார்கள், நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்றுதான் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன். வேலை போகும் என்று நான் நினைக்கவே இல்லை. இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, உண்மையைச் சொல் உண்மையைச் சொல் என்று எழுதிவிட்டேன். நடுங்கியது உங்கள் கால்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் உங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை, வர முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று டீச்சர்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு மனநோய், மருந்து சாப்பிடுகிறார், வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்று. எப்போதும் என்னோடு ஒட்டி உட்காருகிற காயத்ரி டீச்சர் தன் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார். ஒரு முழம்கூட இருக்காது. எனக்குக் காது அடைத்துவிட்டது. நோய் எனக்கு இல்லை, எனக்கே இப்படி இருந்தது. நீங்கள் இத்தனை வருஷமாக அந்த ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டிருக்கிறேன். காலை பஸ்ஸில் வடலூர் வந்துவிடுவேன். பேக்கரிக்கு நானும் வருகிறேன். விடியற்காலை மாவு பிசைய வரச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் கெடும். அவர்கள் வேண்டாம் என்றால் அதற்கடுத்த கடைக்கும் வருவேன். மாமாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம், அவரிடம் பேச வேண்டியதை நேரில் பேசிக்கொள்கிறேன், என் வாய் அவருக்குத் தெரியும்.

மனுவை நான் கிழிக்கவில்லை. கையெழுத்தும் போடவில்லை. திரும்ப வாழ வருகிறேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்பதை முதல் தடவையாக நீங்கள் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள்.

பேக்கரிக்காரரிடம் நீங்களே பேசுங்கள். கூட வந்திருப்பது யார் என்று அவர் கேட்டால், மனைவி என்று சொல்லுங்கள்.

உங்கள்
ஜெயா