மருந்து கலக்காத குப்பி

மாத்திரை அட்டையைப் பிரித்ததும் உன் ஞாபகம் வந்துவிட்டது. பல் வீங்கியதற்குச் செம்பூர் மருந்துக்கடையில் கொடுத்தார்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து: ஒன்று கிருமியைக் கொல்ல, இன்னொன்று அந்த மருந்தைக் கிருமி முறித்துவிடாமல் காக்க. எண்பதுகளில், டிராம்பே போகும் சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில் நீயும் நானும் இந்த இரண்டாவதைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். இதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை.

மருந்துக்கு மசியாத கிருமியை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புவார்கள். வாரம் ஒருமுறை அதைப் புதுக் குப்பிக்கு மாற்றுவது என் வேலை. குப்பியில் கொஞ்சம் மருந்தும் கலக்க வேண்டும்; இல்லாவிட்டால் கிருமி நாளடைவில் எதிர்க்கும் பழக்கத்தை விட்டுவிடும். மருந்தோ ஆய்வுக்கூடத் தலைவரான பெரியவரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி கேட்டால் பத்துக் கேள்வி கேட்பார். மூன்று மாதம் நான் கேட்கவேயில்லை; மருந்தில்லாமலே மாற்றிவந்தேன்.

தாராவித் தோல் பட்டறையிலிருந்து உன் வாப்பா கொண்டுவந்த ஆவாரம்பட்டையை நீ ஊறவைத்து, அந்தச் சாற்றையும் மருந்தையும் சேர்த்துக் கிருமிக்கு வைத்தாய். கிருமி செத்தது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் பேடா இனிப்பு கொடுத்தாய். பெரியவர் தின்று முடித்துவிட்டு, வெறும் மருந்தை மட்டும் வைத்துப் பார்க்கச் சொன்னார். அதிலும் செத்தது. பட்டைக்கு அதில் பங்கே இல்லை.

குப்பியைப் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்டார். நீ என்னை ஒருமுறை பார்த்தாய்.

"நாந்தான் சார். மருந்து கலக்க விட்டுப்போச்சு" என்றாய் நீ.

பஸ் நிறுத்தத்தில் நான் அழுதபோது அதட்டினாய். "ஏட்டி, எனக்கு வேல பெர்மனென்ட். ஒன்னய நாளைக்கே போவச் சொல்லிருவாரு. வாய மூடிட்டு இரு."

உன் வேலை போகவில்லைதான். ஆனால் உன்னைக் குப்பி கழுவும் அறைக்கு அனுப்பினார்கள். கடைசிவரை அங்கேதான் இருந்தாய். அதற்குப் பிறகு மதியம் நாம் சேர்ந்து சாப்பாட்டு டப்பா திறக்கவில்லை. நீ கூப்பிடத்தான் செய்தாய், எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்கக் கூசியது. நீ இறந்துபோன செய்தியையும் மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பின் வேலைக்கு வந்த பிள்ளைகளிடம், குப்பியில் மருந்து இருக்கிறதா என்று கேட்காமல் ஒருநாளும் விட்டதில்லை. ஏன் என்று கேட்டால் அந்தப் பேடா கதையைச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஓய்வுபெற்ற நாள்வரை, அந்தக் கதையில் மருந்து கலக்க மறந்தவள் நீதான்.