மூன்று டொலர் நோட்டு

12.07.1996 வெள்ளி

இங்கே டெய்ரி என்று சொல்லும் மருமகனின் சில்லறைக் கடையில் இன்று ஒருவர் பாண் வாங்கிவிட்டு மூன்று டொலர் நோட்டை நீட்டினார். அப்படியொரு நோட்டை நான் கண்டதில்லை. கூட நின்ற அவருடைய மகளுக்கு முன்னாலேயே அவரைக் கள்ளன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"ஐயோ மாமா," என்றார் மருமகன், "அது குக் தீவு நோட்டு. இங்க செல்லாது, ஆனா கள்ள நோட்டில்லை. அங்க அரசாங்கம் கடனில முறிஞ்சு போச்சு. அவர் வாத்தியார், அங்க வேலை பறிபோய் இங்க பக்கத்துத் தெருவுக்கு வந்திருக்கிறார்."

"நாடு எப்படித் தம்பி முறியும்?"

"அவரிட்டயே கேளுங்கோ. முதல்ல மன்னிப்புக் கேளுங்கோ."

நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டவனல்ல. ஆனால் அந்தக் கடனைக் கொடுத்தது யார், கையெழுத்து வைத்தது யார்? அறியாமல் நித்திரை வராது. காலையில் அவர் வீட்டுக்குப் போகவேண்டும். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். கேள்விகள் ஒரு பக்கம் வந்துவிட்டன. மன்னிப்பு ஒரு வரியும் வரவில்லை.